நாங்குநேரிக்குச் சற்று முன்

வெள்ளிக்கிழமை பாலிசி முடிகிறது.
புதன் மதியமே வந்துவிட்டார் தளவாய் அண்ணாச்சி,
பனகுடியில் பம்புசெட் கடை.
வண்ணார்பேட்டை மாடிப்படி ஏறிய மூச்சோடு
என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
ஆர்.சி.யை உருவினார்.

படிவம் கேட்கிறது, நான் வாசிக்கிறேன்.
வண்டியில் கேஸ் பொருத்தியிருக்கிறதா?
இல்லை.
வாடகைக்கு ஓடுகிறதா?
சிரித்தார். இல்லை.
போன வருஷம் க்ளெய்ம் ஏதும் வாங்கினீர்களா?

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
முன் பம்பரில் ஒரு மூலை மட்டும் புது வெள்ளை;
கீழே நிறுத்தும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.
"தச்சநல்லூர்ல கைக்காசு போட்டு அடிச்சேன்"
என்றார், நான் கேட்காமலே.
"ஆஸ்பத்திரி கேட்டுல இடிச்சது."

அது க்ளெய்ம் இல்லை அண்ணாச்சி.
இருபது சதவீதம் கழிவு உங்களுக்கு உண்டு.
இங்கே ஒரு கையெழுத்து:
சொன்னதெல்லாம் உண்மை,
பொய்யென்று தெரிந்தால் பாலிசி செல்லாது.

வண்டி எண்ணைத் தட்டினேன்.
மூன்று சலான். மூன்றும் வேகம்.
மூன்றும் ஒரே ராத்திரி,
ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு.
வள்ளியூர் தாண்டி நூற்றி எட்டு.
நாங்குநேரிக்குச் சற்று முன் நூற்றி இருபத்தொன்று.
மூன்றடைப்பில் நூற்றிப் பதினேழு.
முதலும் கடைசியும் அடுத்த வாரமே கட்டியாயிற்று.
நடுவில் உள்ளது மட்டும்
பதினோரு மாதமாகச் சிவப்பில் நிற்கிறது.

நான் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.
"இன்னிக்கு பிரீமியத்துல ஏறாது அண்ணாச்சி,
இனிமே ஏத்துவாவன்னு பேசிக்கிடுதாவ.
வெளிநாட்டுல லைசென்ஸ்லயே புள்ளி வைப்பாங்களாம்,
கோலத்துக்கு வைக்கிற மாதிரி.
புள்ளி கூடக் கூட இன்சூரன்ஸும் கூடுமாம்.
ஆயிரம் ரூவாதான், இப்பவே கட்டிருவோமா?"

"கட்டாதிய."
எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.
"கட்டிட்டா அந்தப் போட்டோ போயிருமா?"

திறந்தேன்.
நம்பர் பிளேட் மட்டும் பட்டப்பகல்.
மற்றதெல்லாம் சாம்பல்.
ஸ்டியரிங்கைக் கடிக்கப் போகிறவர் போல அண்ணாச்சி.
பக்கத்து சீட்டில் பெல்ட் போடாமல்
சாரமும் பனியனுமாய் ஓர் ஆள்,
ஒரு கை உயர்ந்திருக்கிறது.

"தம்பி. கொம்பையா.
ஒம்பது வருஷம் பேச்சில்ல எங்களுக்கு,
ஒரு கிணத்துப் பங்கு.
அன்னிக்கி அவனாத்தான் போன் போட்டான்.
நெஞ்ச அடைக்குது, வண்டி எடுன்னான்.
ஏறுனதுக்குப் பொறவு அவனால பேச முடியல.
ஹைகிரவுண்டு கேட்டுக்குள்ள நொழையும்போது
தல சாஞ்சிட்டு.

இந்தக் கையப் பாருங்கம்மா.
வேகமாப் போங்கானா,
மெதுவாப் போங்கானா?
மத்த ரெண்டுலயும் கண்ணாடி பளிச்சுன்னு அடிச்சு
ஆளே தெரியல."

பெரிதாக்கினேன்.
விரல்கள் சதுரம் சதுரமாகக் கலைந்தன.
சின்னதாக்கினால் மறுபடி கை.
நானும் என் கையைத் தூக்கிப் பார்த்தேன்,
இப்படியா, இப்படியா என்று.
இரண்டுக்கும் பொருந்தியது.

மை தீரப்போகும் பிரிண்டரில்
ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
ஆர்.சி.யோடு சேர்த்து உறைக்குள் வைத்தார்.
இப்ப கட்டலாமா என்றேன்.
"பொறவு பாப்போம்."

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது:
வேறு தெரிவிக்க வேண்டியவை.
அவர் என்னைப் பார்த்தார்.
இல்லை என்று நான்தான் தட்டினேன்.

கீழே வண்டி கிளம்பியது.
மூன்றாம் கியருக்கு மாறவே இல்லை.
பாலம் ஏறும்வரை
பின்னால் ஒரு டவுண் பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.